நாற்பத்தொரு திரைகளில் தஹானியின் மீன்

கஃபர் மன்தூர் நீர்ப்பாசன இயக்குநரகத்தில் எந்தக் கணினியைத் தட்டி எழுப்பினாலும் முதலில் எழுந்து வருவது மேடம் தஹானிதான். ராஸ் எல்-பர் கடற்கரை. தலைத்துணி காற்றில் ஒரு பக்கமாகப் பறக்கிறது. முழங்கை நீளத்துக்கு ஒரு மடவை மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மீனின் வாயும் அவள் வாயும் ஏறக்குறைய ஒரே அளவில் திறந்திருக்கின்றன. படத்துக்குக் கீழே "நல்வரவு, தஹானி" என்று எழுதியிருக்கும். கணக்குப் பிரிவில் உட்காருகிறவர் மீசையும் தொப்பையுமாக மூன்று பேரன்களுக்குத் தாத்தா. அவருக்கும் "நல்வரவு, தஹானி". சரக்கறைக் காவலர் சீட்டு விளையாடுவதற்கு மட்டும்தான் கணினி முன் உட்காருவார். அவரும் தஹானி. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரப்படுவது ஒன்றே ஒன்றுதான்: "மீன அமுக்கு, பாஸ்வேர்டும் மீன் பேருதான்." கடவுச்சொல்லை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையின் ஓரத்தில் யாரோ பென்சிலில் அதை எழுதியும் வைத்திருந்தார்கள்.

இதில் தஹானியின் தப்பு எதுவும் இல்லை. அவள் மேஜையோரத்து பிளக் பாயிண்ட் வேலை செய்தது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பதினோரு வருடங்களுக்கு முன் நாற்பது கணினிகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் டப்பாக்கள். அவற்றுக்கு உயிர் கொடுக்க ஒப்பந்தக்காரர் அனுப்பிய வக்தி, டெஸ்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடம் முழுக்கச் சுற்றினான். கடைசியில் ஆவணப் பிரிவில் தஹானியின் மேஜையோரம் மட்டும்தான் கரண்ட் நம்பும்படி இருக்கிறது என்று கண்டுபிடித்தான். அங்கேயே ஒரு கணினியைப் பிரித்து வைத்து, எழுத்துரு, அச்சு இயந்திரம், கடிதம் அடிக்கும் புரோகிராம் என்று ஒவ்வொன்றாக ஏற்றினான்.

"மேடம், பேரு என்ன?"

"எதுக்கு?"

"மெஷின் கேக்குது."

"மெஷினுக்கு எதுக்கு எம்பேரு? பொண்ணு பாக்க வரப் போகுதா?"

"ஏதாவது ஒரு பேரு போட்டாத்தான் உள்ள விடும், மேடம்."

"தஹானின்னு போடு. முழுசாப் போடு. பாதிய முழுங்காத."

மெஷின் படமும் கேட்டது. அவள் கைபேசியில் அவள் முகம் தெளிவாக விழுந்திருந்த படம் அது ஒன்றுதான். மீன் கூடவே வந்தது.

பிறகு வக்தி அந்த ஒரு கணினியை அப்படியே இமேஜ் எடுத்தான். அதென்ன இமேஜ் என்று தஹானி கேட்டாள். மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை என்பதால் அவனுக்கு விளக்கிச் சொல்வதில் சந்தோஷம்.

"வீட்டு சாமான நகல் எடுக்கறது வேற மேடம். இது வீட்டையே நகல் எடுக்கறது. சோபா, கட்டில், பாதி குடிச்சு வெச்ச டீ, அடுப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற கரப்பான், ஹால்ல எரியற லைட்டு, எல்லாம் சேந்து ஒரே பொட்டலம். பொட்டலத்தப் பிரிச்சா நாப்பது வீடு. நாப்பதுலயும் அதே டீ, அதே கரப்பான்."

"அந்த நாப்பது வீட்டுலயும் நான் இருப்பேனா?"

"இருப்பீங்க."

"மீனு?"

"மீனும்தான்."

"அப்போ மொதல்ல என்னை வெளிய எடு. அப்புறம் பொட்டலம் கட்டு."

வக்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "எடுத்துட்டுக் கட்டினா மறுபடி மொதல்லேருந்து. எனக்கு மன்சூரா பஸ் போயிடும். நாளைக்கு வந்து மாத்தித் தரேன் மேடம், என் ரெண்டு கண்ணு மேல சத்தியம்."

அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆள் குவைத்தில் இருப்பதாகக் கேள்வி. கண் இரண்டும் நன்றாக இருக்கிறதாம்.

போகும்போது கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். "இதுதான் தாய். எது கெட்டாலும் இதுலேருந்துதான் திரும்பப் பொறக்கணும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. எந்த புரோகிராம் இதக் கட்டிச்சோ அதுக்குத்தான் இது வாயத் தொறக்கும். அதையும் உள்ள போட்டிருக்கேன். தொறந்தாலும், கொஞ்சம் குடு மிச்சத்த வெச்சுக்கன்னு பேரம் பேச முடியாது. முழுசாத்தான் வரும். வந்தா, அங்க இருக்கறத முழுசா அழிச்சிட்டுத்தான் உக்காரும்."

தஹானி அதை வாங்கித் தன் பொறுப்பில் ஏற்றிக்கொண்டாள். அரசு அலுவலகத்தில் ஒரு பொருள் ஒருவர் பொறுப்பில் ஏறிவிட்டால் அது உயிரோடிருக்கிறதா செத்துவிட்டதா என்பது வேறு விஷயம், ஏறியது ஏறியதுதான். மூன்று பேர் கொண்ட குழு கூடிக் கையெழுத்துப் போட்டால் ஒழிய இறங்காது. தஹானியின் பொறுப்பில் இறக்கை இல்லாத மின்விசிறி ஒன்று இருந்தது, மூன்று காலில் நிற்கும் இரும்பு அலமாரி இருந்தது, மன்னராட்சிக் காலத்து மைக்கூடு ஒன்றும் இருந்தது. முந்தைய இயக்குநர் ஒருவர் அந்த மின்விசிறியைக் குப்பையில் போடச் சொன்னபோது, அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "குழு எங்க?" என்று மட்டும் கேட்டாள். குழு வரவில்லை. இயக்குநர் ஓய்வு பெற்றுப் போனார். மின்விசிறி இருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். அப்பாவுக்கு வாய்க்கால் கரையில் மீன் கடை. எடை போடும்போது கட்டைவிரலை எடைக்கல் தட்டின் மேல் வைக்கிற வாடிக்கையாளரின் விரலைத் தட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இதுவும் சேத்தா?" என்று பத்து வயதில் கேட்டவள். வணிக டிப்ளமோ படித்தாள், வேலைக்கு வந்தாள், லாரி ஓட்டுநர் ஷஹாத்தாவைக் கட்டிக்கொண்டாள். பெண்பிள்ளை வேலைக்குப் போவது தனக்குப் பிடிக்காது என்று ஷஹாத்தா ஒரு நாள் சொன்னான். சாயங்காலம் அவன் திரும்பி வந்தபோது அவன் துணிமணிகள் சாக்கில் கட்டி வாசல் கதவில் தொங்கின. வேடிக்கை என்னவென்றால் அவன் போனான், அவன் அம்மா போகவில்லை. "நான் எங்க போறது? இவ சமையல் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாள் மாமியார். மகனை விவாகரத்து செய்த பெண்ணும் அந்த மகனின் தாயுமாக இருவரும் இன்றுவரை ஒரே வீட்டில் மூலுக்கியா கீரை கிள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் இப்படியே போயிருக்கும், ஷவ்கத் பே இயக்குநராக வராமல் இருந்திருந்தால். 'பே' என்பது பெரிய மனிதர்களுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை; நேரில் கூப்பிடும்போது அதுவே 'பாஷா'வாகிவிடும்.

வந்த முதல் நாளே தன் அறைக் கணினியைத் திறந்தார். "நல்வரவு, தஹானி" என்றது. மணியடித்து உதவியாளரைக் கூப்பிட்டு, "இந்த அம்மா யாரு? இவங்க எதுக்கு மீனோட என் ரூம்ல நிக்கறாங்க?" என்று கேட்டார். மறு வாரமே சொந்தமாக ஒரு மடிக்கணினி வாங்கிக்கொண்டார். அது அவரை "நல்வரவு, ஷவ்கத்" என்று அழைத்தது. அது தினமும் தானாகவே பேக்கப் எடுத்துக்கொள்ளும் என்பதைக் கூட்டம் கூட்டமாகச் சொல்லி வந்தார். பேக்கப் வட்டு நிரம்பும்போதெல்லாம் பழையதை அழித்துவிட்டு புதியதை மட்டும் வைத்துக்கொள்வதாகவும் சொல்வார். "பழசக் கட்டிக்கிட்டு அழறவன் நான் இல்ல." கடிதம் அடிக்க அவருக்கு வராது. அதை உதவியாளர் மீனை அமுக்கிக்கொண்டு அடித்துத் தருவார். கையெழுத்து மட்டும் அவருடையது.

நெல் நாற்று பிடிக்கும் பருவத்தில் ஊர்க்காரர்களின் முறைத் தண்ணீர் வரவில்லை. நல்ல தண்ணீர் வாய்க்கால் மதகு திறந்துதான் இருந்தது, ஆனால் வேறு பக்கமாக. அந்தப் பக்கம் ஷவ்கத் பேயின் மைத்துனருடைய மீன் பண்ணை. மீன் பண்ணைக்குச் சட்டப்படி வடிகால் தண்ணீர்தான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மைத்துனரின் மீன்களுக்கு மட்டும் அது தெரியவில்லை போலும்.

தலைநகரத்துக்கு ஒரு புகார் போனது. கையெழுத்து இல்லை; ஒரு கோப்பு, மின்னஞ்சலில். தலைநகரம் அதைப் படித்துப் பார்த்து மிகவும் பொறுப்போடு நடந்துகொண்டது: யார் மேல் புகாரோ அவருக்கே அதை அனுப்பி, "தங்கள் கருத்து என்ன?" என்று கேட்டது.

ஷவ்கத் பேயின் கருத்து கட்டடம் முழுக்கக் கேட்டது. கோப்பின் விவரத்தைத் திறந்து பார்க்க யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுதியவர் என்ற இடத்தில் 'தஹானி' என்று இருந்தது.

"கெடச்சிட்டா!" என்றார்.

தஹானியை அறைக்குக் கூப்பிட்டுப் புகாரை அவள் முன் தள்ளினார். அவள் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் அவசரப்படாமல் படித்தாள். அவள் எழுதியதில்லை. யார் எழுதியது என்றும் தெரியாது. ஆனால் படிக்கப் படிக்க அவளுக்குக் கோபம் வந்தது. மதகு எந்த நாள் எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை வயல் வெடித்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தது. இதை நாம் அல்லவா எழுதியிருக்க வேண்டும் என்ற கோபம் அது.

"மேடம் தஹானி, உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு" என்றார் ஷவ்கத் பே, குரலைத் தேனாக்கி. "நீங்க எழுதலைன்னா, யாரு எழுதினான்னு சொல்லுங்க. போயி டீ குடிங்க. சொல்லலைன்னா பாலைவனத்துக்கு அந்தாண்ட ஒரு கிளை ஆபீஸ் இருக்கு. நல்ல எடம். பேரீச்சம்பழம் நெறைய. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் அடிச்சு ரெடியா இருக்கு, என் மெஷின்ல."

தஹானி எழுந்தாள். "பேரீச்சம்பழம் எனக்கு ஒத்துக்காது பாஷா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவணப் பிரிவில் பக்கத்து மேஜைக்காரி தவ்ஹீதா, இரவுச் சமையலுக்காகச் சுரைக்காய்ப் பிஞ்சுகளைக் குடைந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடியே, நான் எழுதலைன்னு சொல்ல வேண்டியதுதானே? எல்லா மெஷினும் உம்பேருதான்னு ஊருக்கே தெரியுமே."

"சொன்னா என்ன ஆகும்? நான் இல்லைன்னா வேற யாருன்னு மேஜை மேஜையாத் தேடுவான். எந்த மெஷின்லேருந்து போச்சுன்னு பாப்பான். கையி நடுங்கறவன் ஒருத்தன் மாட்டுவான்."

"யாரு கையி நடுங்குது?"

"நான் பாக்கல. நீயும் பாக்காத. சுரைக்காயப் பாரு."

தஹானிக்குக் கவலையெல்லாம் மாமியாரைப் பற்றித்தான். இந்த வயதில் பாலைவனத்துக்கு அவளைக் கூட்டிப்போவதா, விட்டுவிட்டுப் போவதா? இரண்டும் ஆகாது. ஆனால் அந்தக் கவலையை அவள் ஷவ்கத் பேக்குக் காட்டவில்லை. அவருக்கு அவள் கொடுக்க மறுத்த முதல் பொருள் அதுதான்.

விசாரணைக்கு மாவட்டச் சட்டப் பிரிவிலிருந்து லபீப் வந்தார்; வக்கீல் என்பதால் எல்லோருக்கும் அவர் 'உஸ்தாத்'. வயிற்றுக் கோளாறுக்காரர், சோம்புத் தண்ணீர் தவிர எதையும் குடிக்க மாட்டார். ஷவ்கத் பேயின் அறையில், மீன் வரவேற்கும் அலுவலகக் கணினி முன் உட்கார்ந்து, கேள்வியையும் பதிலையும் தானே தட்டினார்.

"மேடம், இந்தப் புகார நீங்க எழுதினதா ஃபைல் சொல்லுது."

"ஃபைல் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், உஸ்தாத்."

ஷவ்கத் பே நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "ஒத்துக்கிட்டா! எழுதுங்க, எழுதுங்க!"

"இருங்க பாஷா, நான் இன்னும் முடிக்கல. அது ஒண்ணுதானா நான் எழுதினது? போன வருஷம் உங்களுக்குச் சிறந்த அதிகாரி விருது குடுக்கணும்னு இங்கேருந்து ஒரு பரிந்துரை போச்சே, அத எழுதினது யாருன்னு பாருங்க."

லபீப் பார்த்தார். எழுதியவர்: தஹானி.

"கால்வாய் தூர் வாரினதுக்கு இவரப் புகழ்ந்து விவசாயிங்க எழுதின நன்றிக் கடிதம்?"

எழுதியவர்: தஹானி. இந்தக் கோப்பை ஷவ்கத் பே அவசரமாகக் கைநீட்டி மூடப் பார்த்தார்.

"என்னை விசாரிக்கச் சொல்லி இங்கேருந்து உங்களுக்கு வந்த கடிதம்?"

எழுதியவர்: தஹானி. லபீப் சோம்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார்.

"பதினோரு வருஷமா இந்த ஆபீஸ்ல ஒரு வரி கூட வேற யாரும் எழுதல உஸ்தாத். எல்லாம் நானே. இவரு லீவு லெட்டர் வரைக்கும். அதுல ஒண்ணுக்காவது எனக்கு ஒரு நன்றி வந்துதா? புகாருக்கு மட்டும் தேடிக்கிட்டு வராங்க. சரி, இப்ப நீங்க அடிச்சிட்டு இருக்கீங்களே, அத ஒரு தடவ சேமிச்சிட்டுப் பாருங்க."

லபீப் சேமித்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அப்போ என்னை நானேதான் விசாரிச்சிட்டு இருக்கேன்" என்றாள் தஹானி. "கீழ ஒரு வரி சேத்துக்கங்க. எம்மேல எனக்குச் சந்தேகம் எதுவும் இல்ல."

லபீப் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தொழில்நுட்பக் கருத்து கிடைக்கும்வரை விசாரணையை ஒத்திவைக்கிறேன் என்று தட்டிவிட்டு ஊருக்குப் போனார்.

ஷவ்கத் பேக்குத் தொழில்நுட்பக் கருத்து வேண்டியிருக்கவில்லை. தஹானி ஒழிய வேண்டும். கட்டடத்தின் எந்த மூலையிலும் அந்தப் பெயரோ அந்த மீனோ இருக்கக் கூடாது. அதோடு அந்த நன்றிக் கடிதம் மாதிரி சில சங்கதிகளும் சேர்ந்து ஒழிந்தால் இன்னும் நல்லது. ஒப்பந்தக்காரரின் ஆள் பீஷோயை வரவழைத்தார்.

"எல்லா மெஷினையும் தொடச்சு எடுத்துடு. புதுசா வாங்கினப்போ எப்படி இருந்துதோ அப்படி ஆக்கு."

"புதுசா ஏத்த ஒண்ணும் கைவசம் இல்ல பாஷா. அதுக்குத் தலைநகரத்துல அனுமதி வாங்கணும், ஆறு மாசம் ஆகும். பழைய தாய் இமேஜ் எங்கயாவது இருந்தா ஒரே நாள்ல ஊத்திடலாம்."

தாய் எங்கே இருக்கிறது என்று விசாரித்தபோது எல்லோரும் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள்.

தஹானி மேஜை இழுப்பறையைத் திறக்கவே இல்லை. "என் பொறுப்புப் பொருள் அது. குழு எங்க?"

"மேடம், நான் இயக்குநர்."

"மின்விசிறியக் கேட்டவரும் இயக்குநர்தான் பாஷா."

பீஷோய் சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தான். ஷவ்கத் பே அங்கேயே குழு அமைத்தார். தான் ஒருவர், மீசைக்காரக் கணக்கர் ஒருவர், சீட்டாட்டத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவரப்பட்ட காவலர் ஒருவர். மூவரும் கையெழுத்துப் போட வந்து நின்றார்கள். அப்போது தஹானி ஒன்று செய்தாள். அவரை மாட்டிவிட நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் அந்த ரகம் இல்லை. எதையும் முகத்துக்கு நேரே செய்கிறவள்.

"பாஷா, எல்லாரும் கேக்கறப்பவே சொல்லிடறேன். இது ஃபைல நகல் எடுத்து வெச்ச பேக்கப் இல்ல. அன்னைக்கு எப்படி இருந்துதோ அந்த நாளையே கட்டி வெச்ச பொட்டலம். பிரிச்சா அந்த நாள்தான் திரும்பி வரும். அதுக்கப்புறம் வந்தது எதுவும் மிஞ்சாது. அந்த நாள்ல இருந்தது எல்லாம் வரும். எல்லாம்னா எல்லாம்."

"கெஞ்சாதீங்க மேடம்" என்றார் ஷவ்கத் பே, வென்றவர் முகத்தோடு. "எதுவும் மிஞ்சக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"அப்போ அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க சொந்த உத்தரவுன்னு."

எழுதினார். போட்டார். எந்த விதிவிலக்கும் இல்லாமல், தன் மடிக்கணினி உட்பட, என்றும் சேர்த்தார். சட்டப் பிரிவு நாளைக்கு வந்து அதையும் திறந்து பார்க்கும் என்ற பயம் அவருக்கு இருந்தது. பீஷோய் மட்டும் ஒரு தடவை கேட்டான்:

"உங்க லேப்டாப்புல இருக்கறதுக்கு பேக்கப் இருக்கா பாஷா?"

"தினமும் எடுக்கறேன்டா. போன வாரம் கூடப் பழச எல்லாம் அழிச்சு எடம் பண்ணேன். புத்தம் புதுசு மட்டும் வெச்சிருக்கேன்."

பீஷோய் அதோடு விட்டுவிட்டுக் கறுப்புப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டான். பாஷாக்களுக்குப் பாடம் எடுக்க அவனுக்குச் சம்பளம் இல்லை.

வியாழக்கிழமை காலை தஹானி மாடி மாடியாகப் போனாள். ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று கல்யாணத்துக்கு அழைப்பது போல அழைத்தாள். "மெஷின்ல வேணுங்கறது எதுவா இருந்தாலும் இப்பவே பென் டிரைவ்ல எடுத்துக்கங்க. மதியத்துக்கு மேல ஒண்ணும் இருக்காது. தண்ணி முறை அட்டவணை, வரைபடம், பிள்ளைங்க போட்டோ, எதுவும் விடாதீங்க. நீங்க சீட்டு விளையாட்டுப் புள்ளியையும் எடுத்துக்கங்க, அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது." ஷவ்கத் பேயின் அறை வாசலிலும் நின்று அதையே சொன்னாள். கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது.

வெள்ளி, சனி வார விடுமுறைக்குள் பீஷோய் தாயை ஊற்றி முடித்திருந்தான்; ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. கட்டடம் முழுவதும் ஒவ்வொன்றாகக் கணினிகள் விழித்தன. கடல், காற்று, தலைத்துணி, மீன். நல்வரவு, தஹானி. நல்வரவு, தஹானி. மூன்றாம் மாடியிலிருந்து தொடங்கிய சிரிப்பு படி வழியாக இறங்கி வந்து தவ்ஹீதாவின் சுரைக்காயை உருளவிட்டது.

ஷவ்கத் பே மடிக்கணினியைத் திறந்தார். அந்தத் திரையின் அளவு வேறு, தாய் பிறந்த காலத்துக் கணினிகளின் அளவு வேறு. அதனால் படம் அங்கே பக்கவாட்டில் இழுபட்டு வந்தது. தஹானி கொஞ்சம் குண்டாகியிருந்தாள். மீன் மிகவும் குண்டாகியிருந்தது. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மீன்.

பீஷோய் ஓடி வந்தான்.

"ஊத்தச் சொன்னதத்தான் ஊத்தினேன் பாஷா. அது உள்ளயே இவங்க இருந்தாங்க."

"என் பேக்கப்ப எடுத்துப் போடு! உடனே!"

பீஷோய் பேக்கப் வட்டைப் பொருத்தினான். அது ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மூலப் பிரதியைக் கொடு என்று கேட்டது.

"என்னடா கேக்குது?"

"பாஷா, மொத நாள் எடுக்கறதுதான் முழு பேக்கப். அப்புறம் தினமும் எடுக்கறது, நேத்தைக்கும் இன்னைக்கும் என்ன மாறிச்சோ அது மட்டும். ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது. நீங்க அடி மாடிய இடிச்சிட்டு மொட்டை மாடிய மட்டும் வெச்சிருக்கீங்க."

பாலைவன இடமாற்ற உத்தரவு அந்த அடிமாடியோடு போய்விட்டது. ஷவ்கத் பே அசரவில்லை. வேறு ஒன்றை அன்றே அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டுச் சட்டப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். லபீப் அதைத் திருப்பி அனுப்பினார். உத்தரவின் ஆசிரியர் தஹானி என்று இருக்கிறது. எந்த ஊழியரும் தன்னைத் தானே இடமாற்றம் செய்துகொள்ள விதிகளில் இடமில்லை. கையால் எழுதி அனுப்பினார் ஷவ்கத் பே. கையெழுத்துப் பிரதிகளை ஏற்பதில்லை என்று புதிய சுற்றறிக்கை வந்திருப்பதை லபீப் வருத்தத்துடன் சுட்டிக்காட்டினார். அந்த வருத்தத்தை எழுதும்போது அவர் இருமியிருப்பார்.

ஆக, தஹானி இருந்த இடத்தில் இருந்தாள். ஆனால் மதகும் திரும்பிய பக்கமே திரும்பியிருந்தது. தலைநகரம் முதல் புகாருக்குக் கருத்துக் கேட்டதையே மறந்துவிட்டது. நாற்று தண்ணீரில்லாமல் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பட்டப்பகலில், அந்த நல்ல பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தஹானி தன் மீனைத் தானே அமுக்கி உள்ளே போனாள். இரண்டாவது புகாரைத் தட்ட ஆரம்பித்தாள். முதல் புகார் நன்றாக இருந்தது. இது அதைவிட நன்றாக இருந்தது. மைத்துனரின் பெயரும் மதகைத் திருப்பியவனின் பெயரும் இதில் இருந்தன. ஓர் இடத்துக்கு அனுப்பாமல் மூன்று இடங்களுக்கு அனுப்பினாள். அதில் ஒன்று செய்தித்தாள்.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த தவ்ஹீதா கேட்டாள், "கீழ பேரு போடலையா?"

"நான் எதுக்குப் போடணும்? மெஷினே போட்டுடும்."

புகார் வழக்கம்போல ஷவ்கத் பேயின் கைக்கே வந்து சேர்ந்தது. லபீப் மறுபடியும் வந்து உட்கார்ந்தார். சோம்புத் தண்ணீர் வந்தது. ஆவணப் பிரிவு முழுவதையும் அறைக்குள் நிற்கவைத்திருந்தார் ஷவ்கத் பே.

"யாரு எழுதினது இது?"

"தஹானின்னு போட்டிருக்கு" என்றார் லபீப்.

"அது எனக்குத் தெரியும் உஸ்தாத்! எல்லாத்துலயும் அதான் போட்டிருக்கு! நெஜமா எழுதினது யாரு?"

தஹானி கையைத் தூக்கினாள். "நான்தான் பாஷா."

"நீங்க சும்மா இருங்க மேடம்! எல்லாத்தையும் நான்தான் நான்தான்னு சொல்லி விசாரணையக் கெடுக்காதீங்க!"

"உண்மையாவே நான்தான். மூணாவது வரிய வேணும்னா மனப்பாடமாச் சொல்றேன்."

"உஸ்தாத், இவங்க சொல்றத எழுதாதீங்க!"

லபீப் எழுதவில்லை. இயக்குநரின் ஆட்சேபணையை ஏற்று எழுதவில்லை என்று மட்டும் எழுதினார்.

செய்தித்தாளில் வந்ததால் தலைநகரத்திலிருந்து இந்த முறை கடிதத்துக்குப் பதிலாக இரண்டு ஆட்கள் வந்தார்கள். வாய்க்கால் கரையில் நின்று பார்த்தார்கள். மதகை ஊர்ப் பக்கம் திருப்பி, சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஷவ்கத் பேக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களோடு சேர்ந்து நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டார். பிறகு வந்தவர்களில் மூத்தவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "இத யாரு பொறுப்புல விடறது? தொலைக்காத ஆளா இருக்கணும்."

கணக்கர் வானத்தைப் பார்த்தார். காவலர் செருப்பைப் பார்த்தார். பிறகு எல்லோரும் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள்.

மதகுச் சாவி இப்போது தஹானியின் இழுப்பறையில், தாய்ப் பெட்டிக்கும் மைக்கூட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மைத்துனரின் குளம் வற்றத் தொடங்கிய வாரம் ஷவ்கத் பே தானே ஆவணப் பிரிவுக்கு இறங்கி வந்தார். குரலில் தேன்.

"மேடம் தஹானி, அந்தச் சாவிய ஒரு மணி நேரம் குடுங்க. சும்மா எண்ணெய் போடத்தான்."

தஹானி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் மீன் வாயைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தது.

"குழு எங்க பாஷா?" என்றாள்.